அளவெடுத்துச் செய்யும் விசைப்பலகை

எர்கோனாமிக் கீபோர்டு என்று கடைகளில் சொல்லப்படும் கைக்கு இசைந்த விசைப்பலகை, சாதாரணப் பலகையிலிருந்து மூன்று வகையில் மாறுபடுகிறது. முதலாவதாக, அது இடக்கைக்கு ஒன்றும் வலக்கைக்கு ஒன்றுமாக இரண்டு பாதிகளாகப் பிரிந்திருக்கும். இரண்டாவதாக, விசைகள் சரிந்த குறுக்கு வரிசைகளாக இல்லாமல் நேரான நெடுவரிசைகளாக நிற்கும். அந்த நெடுவரிசைகள் விரல்களின் நீளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் தள்ளி அமைந்திருக்கும். மூன்றாவதாக, இரண்டு கட்டைவிரல்களும் இடைவெளிப் பட்டை ஒன்றையே பகிர்ந்துகொள்ளாமல், ஒவ்வொன்றும் மூன்று நான்கு விசைகளைக் கையாளும். இத்தகைய பலகையை வீட்டில் செய்துகொள்ள ஒரு சால்டரிங் இரும்பு, ஒரு மல்டிமீட்டர், சில நாள் பொறுமை ஆகியவை போதும்.

திருப்பூர் வட்டாரத்தில் இதற்குத் தேவை நிறைய இருக்கிறது. காங்கயம் சாலையில் உள்ள நல்லூர், 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்தது. பனியன் கம்பெனிகளும் பவர்டேபிள் யூனிட்டுகளும் நிறைந்த பகுதி அது. ஓவர்லாக் மெஷின் முன் குனிந்திருக்கும் டெய்லரின் உடல் உழைப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதே கட்டடத்தின் அலுவலக அறையில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பையருக்கான மின்னஞ்சல், சம்பளப் பட்டியல் என்று காலை முதல் இரவு வரை தட்டச்சு செய்பவரின் கை உழைப்பு வெளியே தெரிவதில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் மணிக்கட்டு கனத்து விரல்கள் மரத்துப்போகும்போதுதான் அது தெரியவருகிறது.

கையின் அமைப்பு

விரல்களை மடக்கி நீட்டும் வலுவான தசைகள் விரல்களில் இல்லை. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைப் பிடித்து இழுக்கின்றன. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து குறுகிய வழி ஒன்றை உண்டாக்குகின்றன. நான்கு விரல்களுக்கு இரண்டிரண்டாக எட்டு, கட்டைவிரலுக்கு ஒன்று என ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் இந்த வழியாகத்தான் செல்கின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது உள்ளே நெருக்கம் குறைவு. கை மேல்நோக்கி வளையும்போதும் பக்கவாட்டில் திரும்பும்போதும் அழுத்தம் கூடுகிறது.

சாதாரணப் பலகை கையை மூன்று விதத்தில் வளைக்கிறது. இரு கைகளும் மார்புக்கு முன்னால் ஒரே இடத்தில் கூட வேண்டியிருப்பதால் முன்கைகள் உள்நோக்கிச் சாய்கின்றன. விசை வரிசையோ நேராகக் கிடக்கிறது. எனவே உள்ளங்கைகள் சுண்டுவிரல் பக்கம் திரும்பிக்கொள்கின்றன. பலகையின் பின்புறக் கால்களை உயர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. உள்ளங்கை முழுவதும் தரையைப் பார்க்க வேண்டியிருப்பதால் முன்கை எலும்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டு முறுக்கிக்கொள்கின்றன. மேசைமேல் கையைத் தளர்வாக வைத்துப் பார்த்தால் உள்ளங்கை ஏறக்குறைய கை குலுக்கும் நிலைக்கும் தட்டையான நிலைக்கும் நடுவில் நிற்பதைக் காணலாம். பலகையின் பாதிகளைத் தோள் அகலத்துக்கு விலக்கி வைத்தால் முதல் வளைவு நீங்குகிறது. பின்கால்களை மடக்கிவிட்டால் இரண்டாவது குறைகிறது. கட்டைவிரல் பக்கத்தை உயர்த்தி, கூரைபோல் சாய்த்து வைத்தால் மூன்றாவதும் தளர்கிறது.

சரிந்த வரிசைகளும் பிரிந்த பலகைகளும்

இன்றைய எழுத்து வரிசை அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் வடிவமைத்த தட்டச்சு இயந்திரத்திலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் அதை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு நெம்புகோல் பின்னோக்கி ஓட வேண்டியிருந்தது. நெம்புகோல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, ஒவ்வொரு வரிசையையும் அடுத்த வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல்கள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகியும் சரிவு மட்டும் கணினிப் பலகைகளில் தங்கிவிட்டது.

பலகையைப் பிளக்கும் எண்ணம் பழையது. ஜெர்மனியின் கிளாக்கன்பெர்க் 1926இல் எழுதிய நூலில் தட்டச்சரின் கைத் திருகலைச் சுட்டிக்காட்டி, வலம் இடம் எனப் பிரிந்த விசைத் தொகுதிகளை முன்மொழிந்தார். கார்ல் குரோமர் பிளந்து சாய்த்த பலகைகளை மனிதர்களிடம் சோதித்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். பிரிட்டனில் லில்லியன் மால்ட், ஸ்டீபன் ஹாப்டே இருவரும் 1970களில் குழிந்த பரப்புடைய மால்ட்ரான் பலகையை உருவாக்கினார்கள். 1992இல் கினிசிஸ் நிறுவனத்தின் குழிந்த பலகையும், 1994இல் மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் பலகையும் சந்தைக்கு வந்தன. 2010களின் தொடக்கத்தில் எர்கோடாக்ஸ் என்ற திறந்த வடிவமைப்பு வெளிவந்தபின், வரைபடத்தை இறக்கிக்கொண்டு யாரும் வீட்டிலேயே செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று. ஜப்பானிலிருந்து வந்த கார்ன் என்ற 42 விசைப் பலகை இன்று வீட்டில் செய்வோரிடம் பரவலாகப் புழங்கும் வடிவங்களில் ஒன்று.

இவற்றின் பயன் அளந்து பார்க்கப்பட்டும் இருக்கிறது. பிளவுப் பலகைகள் மணிக்கட்டை நேராக்குகின்றன என்பதை ஆய்வகங்கள் பலமுறை உறுதிசெய்துள்ளன. கை வலி உள்ள 80 கணினிப் பணியாளர்களிடம் ஆறு மாதம் நடத்திய ஓர் அமெரிக்க ஆய்வு 1999இல் வெளியானது. அதில் நான்கு வகைப் பலகைகள் ஒப்பிடப்பட்டன. நிலையான பிளவு வடிவம் கொண்ட நேச்சுரல் பலகையைப் பயன்படுத்தியவர்களிடம் வலி தெளிவாகக் குறைந்தது. வேறு மாற்று வடிவங்களில் அந்த அளவு குறையவில்லை. பலகை பிளந்திருப்பது மட்டும் போதாது, அது கைக்குப் பொருந்தவும் வேண்டும் என்பதே இதிலிருந்து வீட்டில் செய்பவர் எடுத்துக்கொள்ளத் தக்க பாடம்.

தமிழ் எழுத்தும் விரல்களின் சுமையும்

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரைந்த பலகையைத் தமிழ் எழுதுபவர் அப்படியே செய்துகொள்வது சரிவராது. எந்த விரல் எவ்வளவு உழைக்கிறது என்பதை எழுதும் மொழியும் எழுத்தமைப்புமே முடிவு செய்கின்றன.

247 எழுத்துகளை ஒரு சிறு பலகைக்குள் அடக்கும் சிக்கலை முதலில் தீர்த்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் அவர், எழுத்துகளை அவற்றின் உறுப்புகளாகப் பிரித்து, சில குறிகளை அடிக்கும்போது காகித உருளை நகராதபடி அமைத்தார். அவருடைய இயந்திரம் ஜெர்மனியில் வார்க்கப்பட்டது. அந்த மரபில் வந்த தட்டச்சு முறையில் எழுத்தின் வடிவம் எப்படித் தெரிகிறதோ அப்படியே அடிக்க வேண்டும். ‘கொ’ என்று எழுத ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு தேவை.

கணினிக்கு வந்தபின் இயந்திரத்தின் கட்டுப்பாடு நீங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசையமைப்பை, அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. இது எழுத்தின் வடிவத்தை விட்டு ஒலியைப் பின்பற்றுகிறது. 12 உயிர்களும் ஆய்தமும் இடக்கையில் இருக்கின்றன. வகரமும் ஙகரமும் இடக்கையின் கீழ்வரிசையில் உள்ளன. மற்ற 16 மெய்களும் வலக்கைக்கு உரியவை. மெய் விசையைத் தட்டினால் அகரம் ஏறிய எழுத்து வரும். தொடர்ந்து உயிரைத் தட்டினால் உயிர்மெய்யாகும். ‘கொ’ இரண்டே தட்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளிலும் அப்படியே. மற்ற இடங்களில் ஆய்த விசையே புள்ளி வைக்கும்.

‘திருப்பூர்’ என்ற சொல்லைத் தமிழ்99இல் எழுத த, இ, ர, உ, ப, ப, ஊ, ர, ஃ என ஒன்பது தட்டு. இவற்றில் ஐந்து வலக்கைக்கும் நான்கு இடக்கைக்கும் உரியவை. ஒரே ஒரு இடத்தில் தவிர கைகள் மாறி மாறி இயங்குகின்றன. ஒரு கை தட்டும்போது மற்றக் கையின் விரல் அடுத்த விசைக்கு மேல் போய் நின்றுவிடும். இரு பாதிகளாகப் பிரிந்த பலகைக்கு இதைவிட இயல்பாகப் பொருந்தும் எழுத்தமைப்பு அரிது. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தமிழ் எழுதுபவருக்கு இந்த நன்மை கிடைப்பதில்லை.

தமிழ்99இல் ஒரு குறையும் உண்டு. வலக்கைச் சுண்டுவிரலுக்கு ந, ய, ச, ண, ஞ, ழ என்ற ஆறு எழுத்துகள் வந்து சேர்கின்றன. இவற்றில் முதல் மூன்றும் அடிக்கடி வருபவை. சாதாரணப் பலகையில் பின்னழி விசையும் என்டரும் வலது ஷிஃப்டும் இதே விரலின் பொறுப்பு. தமிழ்ப் பலகை செய்பவர் தீர்க்க வேண்டிய முதன்மையான சிக்கல் இந்தச் சுண்டுவிரல் சுமைதான்.

கார்ன் பலகையின் ஒவ்வொரு பாதியிலும் மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை, கட்டைவிரலுக்கு மூன்று விசை என 21 விசைகள் உள்ளன. தமிழ்99இன் வலக்கைப் பகுதியில் மேல்வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ என ஏழும், நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய என ஆறும், கீழ்வரிசையில் ல, ர, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, ழ என ஐந்தும் இருக்கின்றன. மொத்தம் 18. பலகையின் வலப்பாதியிலும் கட்டைவிரல் நீங்கலாக 18 இடங்களே உள்ளன. மேல்வரிசையில் மிஞ்சும் ஞகரத்தைக் கீழ்வரிசையின் ஓரத்துக்கு இறக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். பின்னழி, என்டர், ஷிஃப்ட் மூன்றும் கட்டைவிரலுக்குப் போகின்றன. ஸ, ஷ, ஜ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் இடக்கை விசைகளில் ஷிஃப்டோடு சேர்ந்து வருவதால், ஷிஃப்ட் வலக் கட்டைவிரலில் இருப்பது கூடுதல் வசதி.

அளவெடுத்தல்

தைப்பதற்கு முன் கட்டிங் மாஸ்டர் பேட்டர்ன் வெட்டிப் பார்ப்பது போல, பலகை செய்பவரும் முதலில் காகிதத்தில் பேட்டர்ன் போட வேண்டும். ஒரு பெரிய தாளை மேசையில் ஒட்டி, அதில் முன்கையை இயல்பாக வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் ஒவ்வொரு விரலையும் நீட்டி மடக்கி, நுனி செல்லும் பாதையைப் பென்சிலால் குறிக்க வேண்டும். ஐந்து கோடுகள் கிடைக்கும். நடுவிரலின் கோடு மற்றவற்றைவிட மேலே போகும். சுண்டுவிரலின் கோடு மிகத் தாழ்வாகவும் சற்று வெளிப்புறம் விரிந்தும் இருக்கும். கட்டைவிரல் ஒரு வில்லை வரையும்.

இந்தக் கோடுகளின் மேல் விசை அளவுள்ள சதுரங்களை ஒட்ட வேண்டும். வழக்கமான விசைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம் இடைவெளி இருக்கும். நடுவிரல் சதுரங்களை மேலேயும் சுண்டுவிரல் சதுரங்களை நன்றாகக் கீழேயும் வைத்துத் தட்டிப் பார்த்தால், எந்த விசைக்குக் கை நகர்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கட்டைவிரல் விசைகள் உள்ளங்கைக்குக் கீழே புதைந்துவிடாமல், வில்லின் நடுப்பகுதியில் அமைய வேண்டும். இடக்கை, வலக்கை அளவுகள் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளக் கூடாது. தயாரான பிசிபி (மின்சுற்றுப் பலகை) வாங்குபவரும் அதன் வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு இப்படிச் சோதித்துவிட்டே வாங்குவது நல்லது. கை பெரியதாகவோ சிறியதாகவோ இருந்து எந்த வடிவமும் பொருந்தாவிட்டால், பிசிபி இல்லாமல் வயர் மூலமே சுற்றை இணைத்துச் சொந்த வடிவத்தில் செய்துகொள்ளலாம்.

சுவிட்ச்

மலிவான பலகைகளில் விசைகளுக்கு அடியில் ரப்பர் குமிழ்த் தாள் ஒன்று இருக்கும். குமிழ் முழுதும் மடங்கி அடியைத் தொட்டால்தான் தட்டு பதிவாகும். மெக்கானிக்கல் சுவிட்சில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங்கும் தனி உலோகத் தொடுமுனையும் உண்டு. செர்ரி எம்எக்ஸ் வகையில் தண்டு மொத்தம் 4 மி.மீ. இறங்கும். 2 மி.மீ. இறங்கியதுமே மின்தொடர்பு உண்டாகிவிடும். பழகிய விரல் அடிவரை இடிக்காமல் பாதியிலேயே திரும்பிவிடலாம். ஒவ்வொரு தட்டிலும் மிச்சமாகும் அந்த இடி, நாள் முழுவதும் சேரும்போது பெரிய ஆறுதல்.

சுவிட்சுகள் மூன்று இனம். சீராக இறங்குபவை, தொடர்பு உண்டாகும் இடத்தில் விரலுக்கு ஒரு சிறு தடை காட்டுபவை, அந்தத் தடையோடு ‘கிளிக்’ என்ற ஓசையும் எழுப்புபவை. செர்ரி சிவப்பு சுவிட்சுக்கு ஏறக்குறைய 45 கிராம் எடைக்குச் சமமான அழுத்தமும், நீல சுவிட்சுக்கு 60 கிராமும் தேவை. எல்லா விசைக்கும் ஒரே சுவிட்ச் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்99 எழுதுபவர் சுண்டுவிரல் நெடுவரிசைகளில் மட்டும் 35 கிராம் அளவிலான மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட்டால், பலம் குறைந்த அந்த விரலின் சுமை நேரடியாகக் குறைகிறது.

பின்னலாடைப் பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிட்டிங், கட்டிங் நடக்கும் கட்டடங்களில் பஞ்சுத் தூசி எங்கும் படியும். திறந்த தண்டு உள்ள சுவிட்சுக்குள் அது இறங்கினால் தொடுமுனை சரியாகப் படாது. தண்டைச் சுற்றிப் பெட்டி வடிவத் தடுப்புள்ள சுவிட்சுகள் இதற்கு ஏற்றவை. சால்டர் செய்யாமல் செருகி எடுக்கும் சாக்கெட் வைத்துக்கொண்டால், கெட்டுப்போன ஒரு சுவிட்சை மட்டும் நிமிடத்தில் மாற்றலாம்.

மின்சுற்று

விசைப்பலகையின் மூளை ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பெரும்பாலும் புழங்குபவை ஏடிமெகா32யு4 சில்லு உள்ள புரோ மைக்ரோவும், 2021இல் வந்த ஆர்பி2040 சில்லு உள்ள பலகைகளும். புரோ மைக்ரோவில் 18 ஊசிகளைப் பயன்படுத்தலாம். ஒரு பாதியில் 21 விசைகள் இருக்கின்றன. விசைக்கு ஓர் ஊசி என்றால் போதாது. எனவே விசைகளைக் கட்டங்களாக இணைக்கிறார்கள். நான்கு குறுக்கு வயர்களும் ஆறு நெடு வயர்களும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் 24. அவற்றில் 21 இடங்களில் சுவிட்சுகள் அமர்கின்றன. பத்து ஊசிகளில் வேலை முடிந்துவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலர் ஒவ்வொரு நெடு வயராக மின்குறி கொடுத்து, எந்தக் குறுக்கு வயரில் அது திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. இந்தச் சுற்று நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் நடக்கும்.

இதில் ஒரு பிழைக்கு இடம் உண்டு. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் அவற்றின் வழியே பின்னோக்கிச் சுற்றிவந்து, அழுத்தாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு டையோடு சேர்த்தால் மின்னோட்டம் ஒரே திசையில் மட்டும் செல்லும். போலி விசை தோன்றாது. வழக்கமாகப் பயன்படுவது 1என்4148 என்ற சிறு கண்ணாடி டையோடு. அதன் கருப்பு வளையம் உள்ள முனை எல்லா இடத்திலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்று திரும்பிப்போனாலும் அந்த விசை வேலை செய்யாது.

உலோகத் தொடுமுனைகள் சேரும்போது சில மில்லிநொடிகள் அதிர்ந்து ஒட்டியும் விலகியும் நிற்கும். அதை அப்படியே படித்தால் ஒரு தட்டு இரண்டு மூன்றாகப் பதிவாகும். தமிழ்99இல் இதன் விளைவு மோசம். ‘பகல்’ என்று எழுத நினைத்து ககரம் இரண்டாகப் பதிந்தால் ‘பக்கல்’ ஆகிவிடும். எனவே மைக்ரோகன்ட்ரோலருக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஏறக்குறைய 5 மில்லிநொடி காத்திருந்து, நிலை உறுதியானபின்தான் தட்டை ஏற்கிறது.

பொருத்தும் வரிசை

பிசிபியில் முதலில் டையோடுகள், அடுத்து சாக்கெட்டுகள், பிறகு இரு பாதிகளையும் இணைக்கும் கேபிளுக்கான ஜாக், கடைசியில் மைக்ரோகன்ட்ரோலர் என்று உயரம் குறைந்த பொருளிலிருந்து தொடங்கிச் சால்டர் செய்வது எளிது. ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பின் நுனி 320 முதல் 350 டிகிரியில் இருந்தால் போதும். நுனியைப் பிசிபியின் திட்டிலும் பாகத்தின் காலிலும் சேர்த்து வைத்துச் சூடாக்கி, பிறகே சால்டரைத் தொட வேண்டும். பளபளப்பான சரிவாகப் படிந்தால் இணைப்பு நல்லது. உருண்டையாக நின்றால் மீண்டும் சூடாக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

சுவிட்சுகளைச் செருகுவதற்கு முன் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு திசையில் 0.6 வோல்ட் அருகே காட்டும்; எதிர்த்திசையில் ஒன்றும் காட்டாது. ஃபர்ம்வேரை ஏற்றிக் கணினியில் இணைத்து, ஒவ்வொரு சாக்கெட்டின் இரு முனைகளையும் சாமணத்தால் தொட்டு எழுத்து வருகிறதா என்று பார்க்கலாம். நான்கு தொடர்புள்ள 3.5 மி.மீ. ஜாக் மூலம் பாதிகளை இணைக்கும் வடிவங்களில், கணினியோடு இணைந்திருக்கும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. முனை உள்ளே நகரும்போது மின் இணைப்புகள் ஒன்றையொன்று தொட்டு மைக்ரோகன்ட்ரோலர் எரிந்துபோகக்கூடும்.

சுவிட்சைத் தாங்கும் தகட்டில் 14 மி.மீ. சதுரத் துளைகள் வேண்டும். சுவிட்சின் கொக்கிகள் 1.5 மி.மீ. தடிப்புக்கு வடிவமைக்கப்பட்டவை. போர்டு எழுதும் கடைகளில் லேசரில் வெட்டித் தரும் 3 மி.மீ. அக்ரிலிக்கில் கொக்கி மாட்டாது. துளை இறுக்கமாக இருந்தால் சுவிட்ச் உராய்விலேயே நிற்கும். சாக்கெட் வைத்த பலகைக்கு 1.5 மி.மீ. தகடே சரி. உறையை 3டி பிரின்ட் செய்பவர்கள் கோடையை நினைவில் வைக்க வேண்டும். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அருகே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது வளைந்துவிடும். 80 டிகிரி அளவில் இளகும் பெட்ஜி பிளாஸ்டிக் கொங்கு நாட்டு வெயிலுக்குப் பாதுகாப்பானது.

பாதிகளைச் சாய்த்து வைக்க மரக்கட்டையோ நீளமான திருகோ போதும். முதலில் 10 டிகிரி சாய்வில் தொடங்கி, கைக்கு இதமான இடம்வரை மெல்ல உயர்த்தலாம். உள்ளங்கைத் திண்டுக்கு ஃபோம் வைத்து மேலே இன்டர்லாக் துணியின் கட்பீஸைச் சுற்றினால் வியர்வை ஒட்டாது, கழற்றித் துவைக்கலாம். திண்டு ஓய்வெடுக்கும் நேரத்துக்கு உரியது. தட்டும்போது மணிக்கட்டை அதன்மேல் ஊன்றினால், மேலே சொன்ன குறுகிய வழியையே அழுத்துவதாகும்.

ஃபர்ம்வேரும் அடுக்குகளும்

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் எண்ணை அனுப்புகிறது. யுஎஸ்பி விதிப்படி ஆங்கில ‘ஏ’ விசைக்கு எண் 4, ‘எச்’ விசைக்கு 11. கணினியில் தமிழ்99 தேர்வாகியிருந்தால் 11ஆம் எண் ககரமாகும். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி வைக்கும் அறிவும் கணினியில்தான் இருக்கிறது. ஆகையால் பலகைக்குள் தமிழைப் புகுத்தத் தேவையில்லை. விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் எம்17என் தொகுப்பு வழியாகக் கிடைக்கும். பழைய விண்டோஸ் கணினிகளுக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் உண்டு. ஞகரத்தைக் கீழ்வரிசைக்கு இறக்கும்போதும் அந்த இடத்து விசை, மூடும் சதுர அடைப்புக்குறியின் எண்ணான 48ஐ அனுப்பும்படி அமைத்தால் போதும்.

கியூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் வயர் உள்ள பலகைகளுக்கும், இசட்எம்கே வயர் இல்லாதவற்றுக்கும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆர்பி2040 பலகையில் சிறு பொத்தானை அழுத்திக்கொண்டு கணினியில் செருகினால் அது ஒரு டிரைவாகத் திரையில் தோன்றும். ஃபர்ம்வேர் கோப்பை அதில் நகலெடுத்ததும் பலகை தயார்.

42 விசையில் எண்களுக்கு இடம் இல்லை. அவை இரண்டாம் அடுக்கில் இருக்கும். இடக் கட்டைவிரல் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை வலக்கை விசைகள் எண்களாக மாறும். நடுவரிசையில் 4, 5, 6, மேலே 7, 8, 9, கீழே 1, 2, 3 என்று கால்குலேட்டர் வரிசையில் அமைத்தால் கை இடம்விட்டு நகராமலே எண்களை அடிக்கலாம். பனியன் கம்பெனி அலுவலகத்தில் இது பெரிய நன்மை. தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கி எண்ணும் எழுத்தும் கலந்து வரும் 15 இலக்க ஜிஎஸ்டி எண், பின்னலாடை டி-ஷர்ட்டுக்கான 6109 என்ற எச்எஸ்என் குறியீடு, சைஸ் வாரியான பீஸ் கணக்கு எல்லாவற்றையும் பலகையின் வலது ஓரத்துக்குக் கை ஓடாமல் முடிக்கலாம். மூன்றாம் அடுக்கில் அம்புக்குறிகளையும் செயல் விசைகளையும் வைக்கலாம்.

ஒரே விசை தட்டினால் ஒன்றும், பிடித்தால் வேறொன்றுமாகவும் வேலை செய்யும். கியூஎம்கேயில் இந்த இரண்டையும் பிரிக்கும் எல்லை வழக்கமாக 200 மில்லிநொடி. மெதுவாகத் தட்டுபவர் இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளி விழ வேண்டிய இடத்தில் அடுக்கு மாறிவிடும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் குறுக்குவழியைக் கட்டைவிரல் விசை ஒன்றில் வைப்பது, இருமொழியில் கடிதம் எழுதுபவர்களுக்குப் பெரும் வசதி.

பழகுதல், பராமரித்தல்

புதிய பலகையில் முதல் நாட்களில் வேகம் வெகுவாகக் குறையும். நெடுவரிசைக்குப் பழகாத விரல்கள் பக்கத்து விசையில் விழும். ஷிப்மென்ட் வாரத்தில் மாறாமல், வேலை குறைந்த நாட்களில் தினமும் சிறிது நேரம் பழகிக் கூட்டிக்கொண்டே போவது நல்லது. தமிழ்99ஐயும் புதிதாகக் கற்பவர் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கலாம். பழகும் காலத்தில் எந்த விசையில் அடிக்கடி பிழை வருகிறது என்று குறித்துவைத்து, வாரம் ஒருமுறை அமைப்பைத் திருத்தினால் பலகை மெல்ல மெல்லக் கைக்கு ஒத்துவரும். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

தூசி மிகுந்த இடங்களில் மாதம் ஒருமுறை விசைமூடிகளைக் கழற்றி, பிரஷால் துடைத்து, ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடிவைத்தால் பஞ்சு படிவது பெரிதும் குறையும்.

பலகை ஒன்றே வலியைத் தீர்த்துவிடாது. விசைகள் முழங்கை உயரத்தில் இருப்பதும், தோள்கள் தூக்காமல் இருப்பதும், அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்து நீட்டி மடக்குவதும் பலகையின் வடிவத்தைப் போலவே முக்கியம். கட்டைவிரலுக்கு அதிக வேலை கொடுத்துவிட்டால் அதன் அடியில் புதிய வலி தோன்றலாம். அப்போது சில விசைகளை வேறு விரலுக்கு மாற்ற வேண்டும். இரவில் விரல்கள் மரத்துப்போவது, பொருளைப் பிடிக்கும் வலு குறைவது, கட்டைவிரல் முதல் மோதிரவிரல் வரை ஊசி குத்துவது ஆகியவை நடு நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறிகள். அவை தெரிந்தால் பலகையைத் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.